அடி விழும் முன்பே செலவழிக்க வேண்டிய பணம்: வீட்டு வன்முறைத் தடுப்பும் பொது சுகாதார நிதியும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் குழுத் தலைவிகள், செவிலியர்கள், கம்பெனி எச்.ஆர். ஆட்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கணவனோ காதலனோ செய்யும் வன்முறையை வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும். அதற்கான பணம் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் விஷயம்.

எனக்கு இப்போதே உதவி வேண்டும். யாரைக் கூப்பிடுவது?

181. பெண்களுக்கான உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கிறது, உயிருக்குப் பயம் என்றால் 112. வக்கீல் வேண்டுமானால் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். செத்துப்போகலாமா என்று தோன்றினால் 14416, அது மனநல ஆலோசனை எண். மாவட்டத்தில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. வைத்தியம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள். சில நாள் தங்கவும் இடம் உண்டு. பேசி முடித்ததும் செல்லில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

புருசன் பொண்டாட்டி சண்டையில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை?

முதலில் அளவைப் பார்ப்போம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கச் சராசரி 29.3 சதவீதம். படிப்பிலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்திலும் முன்னால் நிற்கிற மாநிலம் இதில் இப்படி நிற்கிறது. பத்தில் நாலு பேருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கலெக்டர் ஆபீசில் தினமும் கூட்டம் நடக்கும்.

அடுத்தது உடம்பு. காயம், எலும்பு முறிவு மட்டும் என்று நினைக்க வேண்டாம். துணைவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலைவலி, தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் நோகுது என்று மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போகிற பெண்களை எல்லா செவிலியருக்கும் தெரியும். மாத்திரையால் தீராத வலி அது.

விஷம் குடித்து வருகிற கேஸ்களையும் பாருங்கள். எதைக் குடித்தாள் என்று உடனே கேட்கிறோம், அது அவசியம். ஏன் குடித்தாள் என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. 2022-ல் நாட்டில் நடந்த 1,70,924 தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் காரணம் ‘குடும்பப் பிரச்சினை’ என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை வீட்டுக் கதை அடங்கிக் கிடக்கிறதோ.

டெங்கு வந்தால் படுக்கையை மட்டும் கூட்டுவதில்லை; ஆளை அனுப்பித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம். இங்கேயும் அதே வேலைதான். புகார் வந்த பிறகுதான் போலீஸ் வீட்டுக்குள் போகும். கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலரும் அதற்கு முன்பே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடிதடி இருந்தால்தான் வன்முறையா?

இல்லை. 2005-ல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நான்கு வகையைச் சொல்கிறது: உடல், பாலியல், வாய்ச்சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை. நம் பக்கம் கடைசி வகை நிறைய உண்டு. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாங்குகிற வாரச் சம்பளத்தை அப்படியே பிடுங்கிக்கொள்வது, ஏ.டி.எம். கார்டைக் கணவன் பையிலேயே வைத்திருப்பது, மனைவி பேரில் குழுக் கடன் எடுக்கவைத்துத் தவணைக்கு அவளைத் தனியாக விடுவது எல்லாம் இதில் சேரும்.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களையும் அந்தச் சட்டம் காக்கிறது. பொது சுகாதாரத்தில் பார்வை இன்னும் அகலம். ஒரே வீட்டில் இல்லாத காதலன் மிரட்டுவதும் செல்லை வாங்கிச் சோதிப்பதும் தடுப்பு வேலைக்குள் வந்துவிடும்.

இப்போது இதற்கென்று எவ்வளவு பணம், யார் கையில் இருக்கிறது?

பெரிய தொகைகள் அடி விழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்குப் போகின்றன. மத்திய அரசு 2013-14 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியைத் தொடங்கியது. அதிலிருந்து 2015 ஏப்ரல் முதல் சகி மையங்கள் வந்தன, 181 வந்தது. 2021-22 முதல் இவையெல்லாம் மிஷன் சக்தி என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டன. அதில் சகி, 181 இருக்கிற ‘சம்பல்’ என்ற பிரிவுக்கு முழுச் செலவும் மத்திய அரசுடையது. ‘சாமர்த்தியா’ பிரிவில் தங்கும் விடுதி, மறுவாழ்வு இல்லம் போன்றவற்றுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. குடும்ப வன்முறைச் சட்டப்படி பெண்ணுக்கு உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர்கள் மாநில சமூக நலத் துறையில் இருக்கிறார்கள். 1992-ல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்குப் போலீஸ் பட்ஜெட். இவை எல்லாமே வேண்டும். ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வு இன்னொரு எண்ணையும் தருகிறது. வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சகி மையமும் காவல் நிலையமும் அந்த 14 பேரின் ஒரு பகுதியைத்தான் பார்க்கின்றன. மிச்சமுள்ளவர்களிடம் போய்ச் சேர ஒரே அரசு வழி சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடியும்தான். அவர்கள் கையில் இந்த வேலைக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் போதாது, தனியறையும் இல்லை. நம் கவலை அங்கேதான்.

வேறு பெயர்களில் இருக்கும் பணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் ஆறு தலைப்புகளில் ஒன்று, பாலின வன்முறை உட்பட காயங்களும் வன்முறையும். பள்ளி நலவாழ்வுத் திட்டத்திலும் இந்தப் பாடம் உண்டு. தேசிய சுகாதார இயக்கம் கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை தளையில்லா நிதி தருகிறது; உள்ளூர்த் தேவைக்கு ஏற்பக் குழுவே முடிவெடுத்துச் செலவழிக்கலாம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. மாவட்ட மனநலத் திட்டம் தனியாக இருக்கிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையோ பாலின வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் கண்ணியத்தோடு இலவச சிகிச்சை வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கொள்கையில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

தடுப்பு என்றால் போஸ்டர், மனிதச் சங்கிலி, ஒரு நாள் கூட்டம். அதனால் என்ன மாறும்?

அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது. மாற்றிக் காட்டிய வேலைகளைப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துக் கிராமங்களில் பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுத்தார்கள். கடனோடு கூடவே ஆண், பெண் உறவு, எச்.ஐ.வி., வன்முறை பற்றித் தொடர் வகுப்புகளும் நடத்தினார்கள். இரண்டு ஆண்டில் துணைவன் வன்முறை 55 சதவீதம் குறைந்ததாக 2006-ல் ஆய்வு வெளிவந்தது. பின்னால் கடன் மட்டும் வாங்கிய ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வகுப்பு இல்லாத கடனுக்கு அந்தப் பலன் இல்லை என்று தெரிந்தது. நமக்கு இது மிக முக்கியமான செய்தி. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று கொங்கு நாட்டில் இல்லாத ஊர் இல்லை. வாராவாரம் உட்காருகிற குழு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் தவணை எழுதி முடித்ததும் எழுந்துவிடுகிறோம். இன்னும் அரை மணி நேரம் உட்காரவைக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும், அவருக்கு ஒரு படிப்பணமும் வேண்டும். அவ்வளவுதான் செலவு.

உகாண்டாவின் கம்பாலாவில் இன்னொரு முறை. ஊருக்குள்ளேயே இருக்கிற ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, ‘உங்கள் வீட்டில் யாருக்கு அதிகாரம், அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்’ என்று மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட விடாமல் பேசவைத்தார்கள். 2014-ல் வந்த ஆய்வின்படி, அந்த வேலை நடந்த பகுதிகளில் கணவன் அடிப்பது மற்றப் பகுதிகளைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. நம்மூரில் ஆண்கள் கூடுகிற இடம் எது? பேக்கரி. காலையிலும் சாயங்காலமும் டீ குடித்துக்கொண்டு எல்லா விவகாரமும் பேசுகிற இடம். அங்கே மதிப்புள்ள நான்கு பேர், ‘பொண்டாட்டிய அடிக்கறது ஆம்பளத்தனமில்லீங்க’ என்று தொடர்ந்து சொன்னால் அது பரவும். அந்த நான்கு பேரைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு கூடவே நிற்க ஆள் வேண்டும். ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் பந்தலும் மைக்கும் போட எளிதாகப் பணம் கிடைக்கிறது. மூன்று ஆண்டு சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. இதை மாற்றச் சொல்லித்தான் பேசுகிறோம்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே செய்ததற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில் 2000-ல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை தரும் ‘திலாசா’ என்ற மையம் தொடங்கியது. பிறகு தேசிய சுகாதார இயக்க நிதியில் மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் 2009 முதல் இதே வேலைக்கான ‘பூமிகா’ மையங்கள் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. கோவை அரசு மருத்துவமனைக்கும் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் இதே வழியில் கேட்பது புதிய கோரிக்கையே அல்ல.

வெளிநாட்டில் சுகாதாரத் துறையே பணம் தருகிறதா?

அமெரிக்காவில் 1984-ல் குடும்ப வன்முறைத் தடுப்பு, சேவைச் சட்டம் வந்தது. புகலிடம், உதவி எண் போன்றவற்றுக்கு அதில் பணம். அதே சட்டத்தின் கீழ் அங்குள்ள நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் 2002-ல் ‘டெல்டா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பணம் வன்முறை நடப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய தடுப்புக்கு மட்டும். மாநில அளவிலான கூட்டமைப்புகள் வழியாக ஊர்களுக்குப் போகும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: புகலிடத்துக்கு ஒரு கணக்கு, தடுப்புக்குத் தனிக் கணக்கு. ஒரே கணக்கில் போட்டால் அவசரம் எப்போதும் தடுப்பைத் தின்றுவிடும். அடிபட்டு ஒருத்தி வாசலில் நிற்கும்போது, பள்ளிக்கூடத்து வகுப்புக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

எல்லாம் குடியால் வருவது. டாஸ்மாக்கை மூடினால் போதாதா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது, கேட்பவர்களின் கோபம் நியாயமானது. கணவன் குடிக்கிற வீடுகளில் வன்முறை அதிகம் என்று குடும்ப நல ஆய்வுகளே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. குடித்து வெறியேறுகிறவன் வீட்டில் மிக அதிகம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வருகிற ஆளை நினைத்துப் பயப்படுகிற பிள்ளைகள் விசைத்தறிச் சந்துகளில் எத்தனை பேர்.

ஆனால் இதையும் யோசியுங்கள். குடித்தவன் முதலாளியை அடிப்பதில்லை. கந்துவட்டிக்காரனை அடிப்பதில்லை. வழியில் நிற்கிற போலீசை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்ற தெளிவு அவனுக்குப் போதையிலும் இருக்கிறது. அந்தத் தெளிவை அவனுக்குக் கொடுத்தது சாராயம் இல்லை, வளர்ப்பு. ஒரு சொட்டுக்கூடத் தொடாத, ஊரில் நல்ல பேர் எடுத்த ஆட்களின் வீட்டிலும் இது நடக்கிறது. அந்தப் பெண்களை யாரும் நம்புவதுகூட இல்லை.

ஆகவே இரண்டும் வேண்டும். கடை எண்ணிக்கையும் நேரமும் குறைய வேண்டும் என்று கேளுங்கள். கூடவே பணத்தையும் கேளுங்கள். 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதனால் வருகிற வருவாய் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு சிறு பங்கை, கடை இருக்கிற வட்டாரத்திலேயே குடிநோய் சிகிச்சைக்கும் வன்முறைத் தடுப்புக்கும் ஒதுக்கச் சொல்வது நேர்மையான கோரிக்கை. எங்கே காயம் ஏற்படுகிறதோ அங்கேதான் மருந்தும் இருக்க வேண்டும். குடிநோய்க்கு சிகிச்சை தரும் இடத்தில் மனைவியிடம் தனியாக ஒரு முறை பேச வேண்டும் என்பதையும் விதியாக்கலாம். அவன் குடியை விட்டானா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள்; அடிப்பதை விட்டானா என்று கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் பெரியவர்களே பேசி முடித்துவைக்கிறார்கள். வெளியாள் எதற்கு?

பெரியவர்கள் தலையிடுவதில் நல்லதும் உண்டு. ‘இனிமே கைய வெச்சீன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம்’ என்று மாமனாரோ பெரியப்பாவோ பையனைப் பார்த்துச் சொன்னால், அதற்குப் போலீசைவிட மதிப்பு இருக்கும். ஆனால் பெரும்பாலும் பேச்சு பெண்ணைப் பார்த்து நடக்கிறது. ‘கொஞ்சம் பொறுத்துப் போ சாமி, புள்ளைங்க இருக்குதில்ல’ என்று. காட்டுக்கும் தோப்புக்கும் பங்கு வந்துவிடுமோ, தங்கச்சி கல்யாணம் நின்றுபோகுமோ, சாதிக்குள் பேர் கெட்டுப்போகுமோ என்கிற கணக்கு எல்லாம் அந்தப் பேச்சில் முதலில் வந்துவிடுகிறது; அவள் உடம்பு கடைசியில் வருகிறது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ‘நீ சொல்லு’ என்றால் அவள் எப்படிச் சொல்வாள்? அன்றைக்கு ராத்திரி அவனோடுதான் திரும்பிப் போக வேண்டும்.

பேசுங்கள். அவளிடம் தனியாகப் பேசிவிட்டுப் பேசுங்கள். அவளுக்கு விருப்பமில்லாமல் அனுப்பிவைக்காதீர்கள். அடித்தது தவறு என்பதில் பேரம் வைக்காதீர்கள். நீதிமன்றம் சொல்லி நடக்கிற ஆலோசனையில்கூட, வன்முறைக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது என்பதுதான் விதி. ஊர்ப் பெரியவர்களுக்கு இதைப் பயிற்சியாகவே கொடுக்கலாம். தடுப்பு நிதியில் செய்யத் தகுந்த நல்ல வேலை அது. சொந்த ஊரும் உறவும் இல்லாமல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருக்கிற குடும்பங்களுக்குப் பெரியவர்களும் கிடையாது. அவர்கள் மொழி பேசுகிற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்தால்தான் அங்கே எதுவுமே போய்ச் சேரும்.

டாக்டரும் செவிலியரும் வருகிற எல்லாப் பெண்களிடமும் கேட்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எல்லோரையும் வரிசையாகக் கேட்டு ரிஜிஸ்டரில் டிக் போடும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. அறிகுறி இருக்கும்போது, தனியாக, நிதானமாகக் கேட்க வேண்டும். காரணம் பொருந்தாத காயம், திரும்பத் திரும்ப வலி, கணவன் பக்கத்தைவிட்டு நகராமல் நின்று அவளுக்குப் பதிலாக அவனே பேசுவது, ஊசி போட வரும் தேதிகளைத் தவறவிடுவது எல்லாம் அறிகுறி.

அவள் சொன்னால் என்ன செய்வது? காது கொடுத்துக் கேளுங்கள். என்ன தேவை என்று விசாரியுங்கள். ‘நீ சொல்றத நம்பறேன், தப்பு உன்மேல இல்ல’ என்று சொல்லுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனால் பாதுகாப்பா என்று யோசியுங்கள். அடுத்த உதவிக்கு இணைத்துவிடுங்கள். பெண்ணோ பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது. முதலில் போலீசுக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

கொங்குப் பக்கம் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். சீர் செய்து அழைத்து வந்த பிறகு, கடைசி மாதப் பரிசோதனைகளுக்கு அம்மாவோடு வருவாள். புருசன் வீட்டு நிழல் இல்லாத அந்தச் சில வாரங்களில்தான் அவள் வாய் திறப்பாள். குழந்தையோடு திரும்பிப் போகிற நேரம் ஆபத்தானது. அப்போது அந்த ஊர் செவிலியருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும், அதுவும் அவள் சம்மதத்தோடு. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். சுகாதார நிலையத்தில் கதவு மூடுகிற ஓர் அறை, பயிற்சி நாளுக்கான படி, செவிலியரின் மற்ற வேலைச் சுமையில் கொஞ்சம் குறைப்பு. ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை பார்க்கிறவர்கள் மேல் இதையும் சும்மா ஏற்றினால் நடக்காது.

ஆண்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

பையன்களிடம் எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அதற்கான வளரிளம் பருவ நலத் திட்டத்தையும் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தையும் மேலே சொன்னோம். கிரிக்கெட், கபடி டீம் பயிற்சியாளர் சொன்னால் வாத்தியார் சொல்வதைவிடக் கேட்பார்கள்.

பனியன் கம்பெனி, மில், பவுண்டரி முதலாளிகளிடம் என்ன கேட்கலாம்?

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அதற்கான பட்டியலில் நோய்த் தடுப்பு சார்ந்த சுகாதாரமும் பாலினச் சமத்துவமும் இரண்டுமே இருக்கின்றன. ஆக, சட்டத் தடை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினால் பேர்ப்பலகை வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். இதில் அது முடியாது. கொடுப்பவர்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் பெரும்பாலானவை சின்ன யூனிட்டுகள். அந்த வரம்புக்குள் வராது. அவர்கள் சங்கம் வழியாகச் சேர்ந்து ஓர் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்கலாம். இ.எஸ்.ஐ. இன்னொரு வழி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். தொழிலாளிகள் தங்கள் காசைப் போட்டு நடத்துகிற வைத்தியம் அது. டிஸ்பென்சரிகளிலும் சிங்காநல்லூர் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகரை வைக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் உரிமையோடு கேட்கலாம்.

மில் விடுதிகளில் இருக்கிற இளம்பெண்களை மறந்துவிடக் கூடாது. கல்யாணச் செலவுக்குக் காசு சேர்க்க வந்த பிள்ளைகள் அவர்கள். எந்த உறவுக்குள் போகப்போகிறோம், எது சரி, எது தவறு என்று அவர்களிடம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நாங்கள் ஒரு சின்ன அறக்கட்டளை. நிதி கேட்க என்ன காகிதம் வேண்டும்?

வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பன் எண், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்துக்கு சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு. இதே போன்ற வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவத்தையும் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பெரிய நிறுவனம் உங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆலோசகர் சம்பளம்தான் இந்த வேலையில் பெரிய செலவு என்பதால், அதைத் திட்டச் செலவாகத் தெளிவாக எழுதுங்கள்.

பணம் ஒழுங்காகச் செலவானதா, பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் ஆண்டில் புகார் கூடினால் பயப்படாதீர்கள். ஏற்கெனவே இருந்தது வெளியே வருகிறது என்று அர்த்தம். ‘கேஸ் ஏறிவிட்டது, திட்டம் தோல்வி’ என்று எந்த அதிகாரியும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். எத்தனை பெண்கள் யாரிடமாவது சொன்னார்கள், சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த உதவி கிடைத்தது, எத்தனை பேர் மறுபடி வந்து பார்த்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

நமக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வில் கணவன் வன்முறை பற்றிய எண் மாநில அளவில்தான் வருகிறது. மாவட்ட அறிக்கைகளில் வராது. கோவைக்கு எவ்வளவு, நாமக்கல்லுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாத நிலையில்தான் திட்டம் போடுகிறோம். ஆகவே மாவட்ட அளவிலான கணக்கெடுப்புக்கும் நிதி கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு போய் எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து; பயிற்சி பெற்ற பெண்கள் தனியாகக் கேட்க வேண்டும், ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும்.

செலவுக் கணக்குக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் 10 ரூபாய். கிராம சுகாதாரக் குழுவின் நிதி போன ஆண்டு எதற்குச் செலவானது என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி போனதுமே அடுத்த கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிடுவார்கள்.

கிராம சபையில் என்ன தீர்மானம் கொண்டுவருவது?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது ஒன்பது கருப்பொருள்களில் ஒன்றாகப் பெண்கள் நேய ஊராட்சி இருக்கிறது, இன்னொன்று நலமான ஊராட்சி. இந்த இரண்டின் கீழும் எழுதலாம். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கேட்கும் முறை ஒன்றுதான். குழுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய் முன் வரிசையில் உட்காருங்கள். தனியாக ஒருத்தி எழுந்து கேட்டால் ‘உங்க வீட்ல என்ன பிரச்சினை அம்மிணி?’ என்று திருப்பிவிடுவார்கள். மாதிரி இதோ:

‘நமது ஊராட்சியில் கணவன் மற்றும் துணைவன் வன்முறையைத் தடுப்பதைப் பொது சுகாதாரப் பணியாக இந்தச் சபை ஏற்கிறது. கிராம சுகாதாரக் குழுவின் தளையில்லா நிதியில் ஒரு பகுதியை, சுய உதவிக் குழுக் கூட்டங்களில் மாதம் ஒருமுறை நடக்கும் தொடர் வகுப்புக்கு ஒதுக்கக் கோருகிறது. துணை சுகாதார நிலையத்தில் தனியாகப் பேச ஓர் அறை ஏற்பாடு செய்ய வேண்டும். 181 எண்ணை அங்கன்வாடி, ரேஷன் கடை, பெண்கள் கழிப்பறை ஆகிய இடங்களில் எழுதிவைக்க வேண்டும். வட்டார மருத்துவ அலுவலரும் பாதுகாப்பு அலுவலரும் ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சபைக்கு வந்து, பெயர் விவரம் எதுவும் இல்லாமல், நடந்த வேலையைச் சொல்ல வேண்டும்.’

பெண்கள் கழிப்பறையில் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள முடிகிற இடம் அது ஒன்றுதான். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் நகல் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியை வட்டார மருத்துவ அலுவலருக்கும் இன்னொன்றை மாவட்ட சமூக நல அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் குழுவின் தீர்மான நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் கேள்வி அந்த ரசீதைக் காட்டிக் கேட்பதாக இருக்கட்டும்.